படுக்காதவளுக்கு வலி இல்லையா?

ஓட்டப்பிடாரம், எட்டயபுரம், கோவில்பட்டி என்று இந்தக் கரிசல் பக்கம் எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும், பேச்சு வயசுப் பிள்ளைகள் பக்கம் திரும்பியதும் ஒரு தீர்ப்பு வந்து விழும். “எங்க காலத்துல இந்த வவுத்து வலியெல்லாம் ஏது? நாலு நாளும் பருத்திக்காட்டுலதான் கெடந்தோம். இப்ப உள்ளதுக மாசாமாசம் சுருண்டு படுத்துக்கிடுது.” சொல்கிறவர் எழுபது தாண்டிய ஆச்சியாக இருப்பார். பக்கத்தில் இருக்கிற ஆம்பளைகள் தலையாட்டுவார்கள். காரணங்களை அவர்களே அடுக்குவார்கள்: பிராய்லர் கோழி, புரோட்டா, செல்போன், குனிந்து நிமிராத உடம்பு.

ஆச்சியோடு எனக்கு வழக்கு இல்லை. அவர் சொன்னதைச் சாட்சியாக வைத்துக்கொண்டு வீட்டுப் பெண்பிள்ளையின் வாயை அடைக்கிறார்களே, அவர்களோடுதான் வழக்கு. மாதவிலக்கு வலி புதுசாக முளைத்த நோய், டவுன் நோய், சொகுசு நோய் என்ற எண்ணம் தப்பு. தப்பாக இருப்பதோடு நிற்காமல் ஆளைக் கெடுக்கவும் செய்கிறது.

முதலில் ஒரு வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். “அந்தக் காலத்தில் யாருக்கும் இல்லை” என்று திண்ணையில் சொன்ன அதே வாய், பிள்ளை இரண்டாம் முறை அழுதால் “எல்லாப் பொம்பளைக்கும் உள்ளதுதானே, என்ன அதிசயம்?” என்று மாற்றிச் சொல்லும். யாருக்குமே இல்லாததும் எல்லாருக்கும் உள்ளதும் ஒரே வலியாக இருக்க முடியாது. ஆனால் இரண்டு பேச்சும் போய் முடிகிற இடம் ஒன்று: எழுந்திரு, வேலையைப் பாரு.

கணக்குக்கு வருவோம். பல நாடுகளில் நடந்த 38 ஆய்வுகளை, அதில் வந்த 21,573 இளம்பெண்களைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு 2019-இல் வெளிவந்தது. அவர்களில் 71 சதவீதம் பேருக்கு மாதவிலக்கு வலி இருந்தது. ஐந்தில் ஒருத்தி அதனாலேயே பள்ளிக்கோ கல்லூரிக்கோ போகாமல் இருந்திருக்கிறாள். நம் வழக்குக்கு இதைவிட முக்கியமான சேதி ஒன்று அதில் உண்டு: ஏழை நாடு, பணக்கார நாடு என்று பிரித்துப் பார்த்தபோது பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பிராய்லர் கோழி கிடைக்காத ஊரிலும் வலிக்கிறது என்று அர்த்தம். 2014-இல் வந்த இன்னொரு தொகுப்பில் 16 சதவீதத்திலிருந்து 91 சதவீதம் வரை எண்கள் சிதறிக் கிடக்கின்றன. கடுமையான வலி என்று கேட்டால் 2 முதல் 29. இந்தச் சிதறலைப் பிடித்துக்கொண்டு “பாத்தீங்களா, அவங்களுக்கே தெரியல” என்று சொல்லக் கிளம்புகிறவர்கள் இருப்பார்கள். யாரிடம் கேட்டார்கள், என்ன வயதில் கேட்டார்கள், எந்த அளவை வலி என்று எடுத்துக்கொண்டார்கள் என்பதைப் பொறுத்து எண் மாறும். வலிக்கிறதா என்று கேட்டால் வரும் பதில் வேறு. வேலைக்குப் போக முடியாத அளவுக்கு வலிக்கிறதா என்று கேட்டால் வரும் பதில் வேறு.

வலி எங்கிருந்து வருகிறது என்பதில் மர்மம் ஒன்றும் மிச்சமில்லை. கரு தங்காத மாதத்தில் கர்ப்பப்பையின் உள்சவ்வு உதிரத் தொடங்கும்போது புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் அங்கே பெருகுகிறது. அது கர்ப்பப்பைத் தசையை இறுக்கிப் பிழிகிறது. ரத்தக் குழாயையும் சுருக்குகிறது. ரத்தம் குறைந்த தசை வலிக்கிறது. முதல் இரண்டு மூன்று நாள் இந்தப் பொருள் உச்சத்தில் இருக்கும். அது உடம்பின் மற்ற இடங்களுக்கும் போவதால்தான் சிலருக்கு வாந்தி, பேதி, தலைச்சுற்றல் எல்லாம் கூடவே வருகிறது. இதற்கும் மனசின் பலவீனத்துக்கும் சம்பந்தமில்லை.

சரி, அப்படியானால் ஆச்சி சொன்னது பொய்யா? முழுப் பொய் இல்லை. அங்கேதான் விஷயம் இருக்கிறது.

இந்த வலி வயசுக்கு வந்த அன்றைக்கே தொடங்குவதில்லை. பெரும்பாலும் ஆறு மாதம், ஒரு வருசம் கழித்து, சினைமுட்டை ஒழுங்காக வெளிவரத் தொடங்கிய பிறகு வரும். பதினெட்டு, இருபது வயதை ஒட்டி உச்சத்தில் நிற்கும். பிறகு வயது கூடக்கூடப் பலருக்குக் குறையும். பிள்ளை பெற்ற பிறகும் பலருக்குக் குறைகிறது. ஆச்சியின் காலத்தில் பெண்கள் அந்தப் பதினெட்டு, இருபது வயதில் எங்கே இருந்தார்கள்? கல்யாணமாகி, வயிற்றில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாக இருந்தார்கள். ஆறு பிள்ளை பெற்ற பெண்ணைக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் கர்ப்பம் ஒன்பது மாதம். பால்குடியில் தீட்டு வராத காலம் குறைத்துப் போட்டாலும் ஒரு வருசம். ஆறுக்கும் சேர்த்தால் பத்து வருசம் தாண்டிவிடும். பத்து வருசம் மாதவிலக்கே இல்லை! ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் டோகான் மக்களிடையே பெவர்லி ஸ்ட்ராஸ்மன் என்ற மானிடவியலாளர் இதைக் கணக்கெடுத்தார். குடும்பக் கட்டுப்பாடு இல்லாத அந்தச் சமூகத்தில் ஒரு பெண்ணுக்கு வாழ்நாள் முழுவதும் வந்த மாதவிலக்கு சுமார் 100 தடவைதான். இன்றைக்கு ஒன்றிரண்டு பிள்ளையோடு நிறுத்திக்கொள்ளும் பெண்ணுக்கு அது 400-ஐ நெருங்குகிறது. தமிழ்நாட்டில் சராசரி ஒரு பெண்ணுக்கு 1.8 பிள்ளை என்று தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஆச்சிக்கு வலி இல்லாமல் இல்லை, வலி வரும் மாதங்கள் குறைவு. அந்த மாதங்களுக்குப் பதிலாக அவர் அனுபவித்தது ஆறு பிரசவம். அதைச் சொகுசுக் கணக்கில் யாரும் சேர்க்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

பேத்தியின் உச்ச வயது இப்போது பிளஸ் டூ வகுப்பிலும், கல்லூரிப் பேருந்திலும், ஆலை ஹாஸ்டலிலும் வந்து விழுகிறது. கண்ணுக்குத் தெரிகிறது. தெரிவதால் புதுசு என்று தோன்றுகிறது.

“ஆனாலும் நாங்க படுக்கலையே” என்பார்கள். படுக்க விட்டது யார்? இந்த மண்ணில் மானாவாரி வேலை காத்திருக்காது. ஐப்பசி மழைக்கு நடுவே கிடைக்கிற நாலு வெயில் நாளில் களை எடுத்தாக வேண்டும். உளுந்தும் பாசியும் முற்றினால் வெடிக்குமுன் பறித்தாக வேண்டும். பருத்தி எடுத்த எடைக்குத்தான் கூலி. கோவில்பட்டி தீப்பெட்டி ஆபீஸில் அடுக்கிய சட்டத்துக்கும் ஒட்டிய பெட்டிக்கும்தான் காசு. லீவு என்ற ஒன்றே இல்லாத வேலையில், அவள் லீவு போடவில்லை என்பதை எடுத்துக் காட்டுவது என்ன வாதம்? கரிசல் சேறு காலை இழுக்க இழுக்க, பாவாடை நாடாவை அடிவயிற்றில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, வேலிக்கருவை மறைவில் துணி மாற்றிக்கொண்டு அவள் வேலை பார்த்தாள். துணி நனைந்து தொடை உரசிப் புண்ணான கதையைப் பெண்களிடையே உட்கார்ந்தால் கேட்கலாம். திண்ணையில் கேட்க முடியாது.

ஓட்டப்பிடாரத்துக்காரரான வ.உ.சிதம்பரனார் 1908-இல் தண்டனை பெற்றுக் கோவைச் சிறையில் செக்கிழுத்தார். அதை இந்த ஊர் இன்றுவரை நெஞ்சு பதறச் சொல்கிறது. அவர் இழுத்து முடித்தார், ஆகவே அவருக்கு வலிக்கவில்லை என்று எவனாவது சொன்னால் ஊர் சும்மா விடுமா? வேலையைச் செய்து முடித்ததை வலியின்மைக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளும் விநோதம் பெண்கள் விஷயத்தில் மட்டும்தான் நடக்கிறது.

ஒதுக்கி வைத்ததே ஓய்வு கொடுக்கத்தான் என்று ஒரு சமாதானமும் உலவுகிறது, இப்போது விஞ்ஞானப் பூச்சோடு. மதுரை மாவட்டம் கூவலாபுரத்தில் தீட்டான பெண்களுக்கு முட்டுத்துறை என்று தனி இடமே இருக்கிறது. நம் பக்கத்துச் சின்ன வீடுகளில் அதற்கெல்லாம் இடமில்லை; திண்ணை ஓரமோ தொழுவமோதான். ஓய்வுக்காக என்றால் அவளுக்குக் காட்டுவேலை நின்றிருக்க வேண்டும். நின்றதில்லை. அடுப்படிக்கு ஆகாதவள் களையெடுப்புக்கு ஆனாள். ராத்திரி தொழுவத்தில் கொசுக்கடியில் கிடந்தாள். இதற்கு ஓய்வு என்று பெயர் வைக்கத் துணிச்சல் வேண்டும்.

வலி இருந்ததற்கு வீட்டுக்குள்ளேயே சாட்சி உண்டு. வயசுக்கு வந்த பிள்ளைக்கு இடுப்புக்குப் பலம் என்று நல்லெண்ணெய் விட்டுக் கருப்பட்டி போட்டுக் கிண்டிக் கொடுத்த உளுந்தங்களி, வெறும் வயிற்றில் விழுங்கிய வெந்தயமும் மோரும், பெருங்காயம் கரைத்த மோர், ஓமத்தண்ணி, சீரகக் கஷாயம், சட்டியில் வறுத்துத் துணியில் முடிந்த உப்பு ஒத்தடம். வராத வலிக்கு எந்த ஊரிலும் இத்தனை கைவைத்தியம் சேராது. இதில் ஒத்தடத்துக்கு நல்ல ஆதாரமே இருக்கிறது: அடிவயிற்றில் தொடர்ந்து மிதமான சூடு வைப்பது ஐபுபுரூஃபன் மாத்திரைக்கு ஈடாக வலியைக் குறைத்ததை 2001-இல் ஓர் ஆய்வு காட்டியது. உளுந்தங்களி நல்ல சாப்பாடு. வலி மருந்து என்று அதை நான் சொல்லமாட்டேன்.

இனி, திண்ணைக்குத் தெரியாத உண்மை யாருக்குத் தெரிந்திருந்தது என்று பாருங்கள். 2019 ஜூனில் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை ஒரு விசாரணையை வெளியிட்டது. தமிழ்நாட்டு ஆடை ஆலைகளில் வேலை பார்க்கும் சுமார் 100 பெண்களிடம் அவர்கள் பேசினார்கள். அத்தனை பேரும் மாதவிலக்கு வலிக்கு ஆலையிலேயே மாத்திரை கொடுக்கப்பட்டவர்கள். மாத்திரையில் பெயர் கிடையாது. மருத்துவம் படித்தவர் கையால் கிடைத்தது அபூர்வம். பாதிக்கும் மேற்பட்டவர்கள் அதனால் உடம்பு கெட்டதாகச் சொன்னார்கள். மருத்துவர்கள் பார்த்துவிட்டு, ஐபுபுரூஃபன் வகை வலிநிவாரணி என்றார்கள். சாதாரண மருந்துதான், அளவு தெரியாமல், என்னவென்றே தெரியாமல், மாதாமாதம் வருசக்கணக்கில் விழுங்கினால் சாதாரணமாக இருக்காது.

இந்த ஆலைகளின் ஹாஸ்டல்களுக்கு நம் வறண்ட மாவட்டங்களிலிருந்தும் பிள்ளைகள் போகிறார்கள். அங்கே மேஸ்திரி மேசை டிராயரில் மாத்திரையை இருப்பு வைத்திருக்கிறார் என்றால் என்ன பொருள்? தையல் லைனில் எத்தனை பேருக்கு, எந்த அளவுக்கு வலிக்கும், அதனால் ஒரு ஷிப்டில் எத்தனை உருப்படி குறையும் என்று நிர்வாகத்துக்குத் துல்லியமாகத் தெரியும். உற்பத்தி குறைந்தால் வலி உண்மையாகிவிடுகிறது. இவ்வளவு நாள் ‘நடிப்பு’ என்று சொல்லப்பட்டதற்கு ஆலை செலவு செய்து மருந்து வாங்குகிறது. நோயாளிக்காக அல்ல, மிஷின் நிற்கக்கூடாது என்பதற்காக. 500 பேருக்கு மேல் வேலை பார்க்கும் ஆலையில் தகுதியுள்ள மருத்துவ ஊழியர்களோடு ஆம்புலன்ஸ் அறை இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் சொல்லி எழுபது வருசம் கழித்து வந்த கதை இது.

ஆலையைக் குற்றம் சொல்லிவிட்டு நாம் தப்ப முடியாது. ஊரில் என்ன நடக்கிறது? தம்பிப் பயலைக் கடைக்கு அனுப்பி, “தலவலி மாத்திரைன்னு கேளு” என்று சொல்லிவிடுகிறோம். மெடிக்கலில் அட்டையிலிருந்து கத்தரித்த ஒற்றை மாத்திரை காகிதக் கவரில் வருகிறது. பெயர் அறுந்துபோன அந்தத் துண்டுக்கும் ஆலை மாத்திரைக்கும் அதிக வித்தியாசமில்லை. வெட்கம் செய்கிற வேலை இது.

இந்த இடத்தில் மதினிமார் ஒரு எச்சரிக்கை சொல்வார்கள்: “மாத்திர போட்டா கர்ப்பப்பை சுருங்கிரும், புள்ள தங்காது.” இந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை. மெஃபெனமிக் ஆசிட், ஐபுபுரூஃபன் போன்றவை புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தடுக்கின்றன. அதாவது வலியின் வேரிலேயே வேலை செய்கின்றன. தீட்டு நாட்களில் இரண்டு மூன்று நாள் போடுவதால் கர்ப்பப்பை கெடுவதில்லை. 80 ஆய்வுகளைத் தொகுத்த 2015-ஆம் ஆண்டு காக்ரேன் அறிக்கை, வெற்று மாத்திரை சாப்பிட்ட 100 பேரில் 18 பேருக்கு நல்ல நிவாரணம் கிடைத்தால், இந்த வகை மருந்தில் 45 முதல் 53 பேருக்குக் கிடைக்கும் என்று கணக்கிட்டது. பாதிப் பேருக்குப் போதாது என்பதையும் அதே எண் சொல்கிறது.

பயப்பட வேண்டிய இடம் வேறு. வெறும் வயிற்றில் போட்டால் இரைப்பை புண்ணாகும். ஏற்கெனவே குடல்புண், சிறுநீரகக் கோளாறு, சிலவகை ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. மெஃபெனமிக் ஆசிட்டால் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை வரலாம் என்று இந்திய மருந்தியல் ஆணையம் 2023 நவம்பரில் எச்சரித்தது. நம் பக்கத்துக்கு இன்னொன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். தூத்துக்குடி உப்பளத்திலும் கரிசக்காட்டிலும் வெயிலில் நிற்கிற பெண்கள், ஒதுங்க இடமில்லை என்பதற்காகத் தண்ணீரே குடிக்காமல் இருக்கிறார்கள். நீர் வற்றிய உடம்பில் இந்த மாத்திரை சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். கர்ப்பப்பை பற்றிய பொய்ப் பயத்தைப் பரப்புகிறவர்கள் இந்த நிஜமான ஆபத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை.

“உடம்பு வளைஞ்சு வேலை செஞ்சா வலி ஓடிரும்” என்பதில் பாதி உண்மை உண்டு. ஒழுங்கான உடற்பயிற்சி, வாரத்தில் மூன்று நாளாவது முக்கால் மணி, ஒரு மணி நேரம் செய்தால் வலி குறைகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. செய்ய முடிகிறவர்கள் செய்யட்டும். ஆனால் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வந்து உட்காருவதும், காலை ஏழிலிருந்து பொழுது சாய்கிற வரை குனிந்தே களை பிடுங்குவதும் ஒன்றா? வேலைதான் மருந்து என்றால் கரும்பு வெட்டுகிற பெண்கள்தான் நாட்டிலேயே ஆரோக்கியமாக இருக்க வேண்டும். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் 2019-இல் அரசு அமைத்த குழு கணக்கெடுத்தபோது, கரும்பு வெட்டப் போகும் சுமார் 82,000 பெண்களில் 13,000 பேருக்கு மேல் கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் மேஸ்திரிக்கு அபராதம் கட்ட வேண்டிய ஊர் அது. வலியை வலியாகக் கேட்காத இடத்தில் உறுப்பையே அறுத்து எறிவதுதான் ‘வைத்தியம்’ ஆகிறது.

கல்யாணமானால் சரியாகிவிடும் என்கிற பேச்சு இன்னும் மோசம், ஏனென்றால் அது வைத்தியத்தைத் தள்ளிப்போடுகிறது. சாதாரண மாதவிலக்கு வலிக்குப் பின்னால் நோய் இல்லை. சிலருக்கு உண்டு: எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பை உள்சவ்வு போன்ற திசு வெளியே வளர்வது), நார்க்கட்டி, கர்ப்பப்பைச் சுவர் தடிப்பு. இனப்பெருக்க வயதுப் பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு எண்டோமெட்ரியோசிஸ் இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கண்டுபிடிக்க வருசக்கணக்கில் தாமதமாகிறது என்றும் சொல்கிறது. அது பிள்ளைப்பேற்றையும் பாதிக்கும். வருசத்துக்கு வருசம் வலி கூடினால், தீட்டு இல்லாத நாளிலும் வலித்தால், மாத்திரைக்கு அடங்காவிட்டால், கட்டிகட்டியாக அதிகம் போனால், முப்பது வயதுக்குப் பக்கத்தில் புதிதாக வலி தொடங்கினால், ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு அலையாமல் தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்கள்.

மாதவிலக்குக்கு லீவு கேட்பதெல்லாம் மேல்நாட்டு நாகரிகம் என்பது கடைசி வாதம். பீகார் அரசு தன் பெண் ஊழியர்களுக்கு மாதம் இரண்டு நாள் லீவு கொடுத்தது 1992-இல். அதற்கு எண்பது வருசம் முன்னால், 1912-இல், கொச்சி சமஸ்தானத்துத் திருப்பூணித்துறை பெண்கள் பள்ளியில் மாதவிலக்கால் தேர்வுக்கு வராத பிள்ளைகளைப் பிறகு எழுத விட்டார்கள். ஸ்பெயின் சட்டம் போட்டது 2023-இல்தான். மேல்நாட்டிலும் வாய் திறப்பது எளிதாக இல்லை: நெதர்லாந்தில் 32,748 பெண்களிடம் நடத்திய ஆய்வில், மாதவிலக்கால் லீவு போட்டவர்களில் ஐந்தில் ஒருத்திதான் உண்மைக் காரணத்தைச் சொல்லியிருந்தாள்.

லீவைக் கட்டாயமாக்கினால் பெண்களை வேலைக்கே எடுக்காமல் போய்விடுவார்கள் என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கவலைப்பட்டது. அந்தக் கவலையை நான் தள்ளிவிடமாட்டேன். ஆனால் அந்த விவாதம் முழுவதும் மாதச் சம்பளக்காரர்களுடையது. எடைக்குக் கூலி வாங்குகிறவளுக்கு லீவு என்றால் அன்றைக்குக் காசில்லை என்பதுதான். அவளுக்கு வேண்டியது வேறு: ஒதுங்க ஒரு கழிப்பறை, குடிக்கத் தண்ணீர், அரை மணி நேரம் நிழலில் காலை நீட்ட அனுமதி, பெயர் தெரிந்த மாத்திரை, அதைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல்ல ஒரு செவிலியர். அரசு ‘புதுயுகம்’ திட்டத்தில் கிராமத்துப் பிள்ளைகளுக்கு நாப்கின் கொடுத்தது, நல்ல காரியம். ரத்தத்தை ஏற்றுக்கொண்ட திட்டம் வலியையும் ஏற்றுக்கொள்வதற்குப் பெரிய செலவு ஆகாது. நாப்கின் கொண்டுவருகிற கிராம சுகாதாரச் செவிலியரே வலி எப்படி என்று ஒரு கேள்வியும் கேட்கலாம்.

நூறு நாள் வேலையைக் கொண்டுவந்த 2005-ஆம் ஆண்டுச் சட்டம், வேலைத்தளத்தில் குடிநீர், நிழல், ஓய்வு நேரம், முதலுதவிப் பெட்டி இருக்க வேண்டும் என்று எழுதியே வைத்தது. தமிழ்நாட்டில் அந்த வேலைக்கு வருகிறவர்களில் மிகப் பெரும்பான்மை பெண்கள். பெட்டி எங்கே இருக்கிறது, அதில் பஞ்சும் டிஞ்சரும் தவிர என்ன இருக்கிறது, கண்மாய்க்கரையில் ஒதுங்க என்ன வசதி என்று கேட்பதற்குக் கிராமசபை உண்டு. ஆகஸ்ட் 15-க்கும் அக்டோபர் 2-க்கும் கூடும்போது ஒரு பெண் எழுந்து கேட்டுத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லலாம். தலைவர் கூச்சப்பட்டால் கூச்சப்படட்டும்.